கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு உளவியலாளர் எதற்கு?

பிப்ரவரி பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு சடங்கு நடக்கும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் வேப்ப மரத்தடியில் உட்கார வைப்பார்கள். மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஒருவர் வந்து மைக் பிடிப்பார். "உன்னால் முடியும்" என்பார். கண்ணை மூடி அம்மா அப்பாவை நினைக்கச் சொல்வார். நாலைந்து பிள்ளைகள் தேம்பி அழும். அப்புறம் கலாம் அய்யா ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட கதை. பொன்னாடை, போட்டோ, டீ. மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கப்பட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை போய்விடும்.

வந்து பேசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பலர் பஸ் காசுகூட வாங்குவதில்லை. ஆனால் அழுத பிள்ளை எதற்கு அழுதது என்று மறுநாள் காலையில் கேட்க அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. பரீட்சை பயமா, அப்பாவை நினைத்ததும் வந்த அழுகையா, வீட்டில் வெளியே சொல்ல முடியாத ஏதாவதா? கணக்கு வாத்தியாரான என்னிடம் கேட்டால், எனக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு பாக்கி இருக்கிறது. மேடையில் பேசுகிறவர் வருஷத்துக்கு ஒருவர் வரட்டும், போகட்டும். எங்களுக்கு வேண்டியது பள்ளியிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு உளவியலாளர்.

உளவியலாளர் என்றாலே மனம் பேதலித்தவர்களைப் பார்க்கிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வேலை தொடங்கிய கதையே வேறு. 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவரிடம் ஒரு பள்ளி ஆசிரியை தன் மாணவனைப் பற்றிச் சொன்னார். மற்றதில் எல்லாம் சரியாக இருக்கிற பையன், எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவில்லை. விட்மர் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று தேடினார். கண் பார்வையில் கோளாறு இருந்தது தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள், தனிப் பயிற்சியும் கொடுத்தார்கள். உலகின் முதல் உளவியல் கிளினிக் என்று சொல்லப்படுகிற இடத்துக்கு வந்த முதல் ஆள் இந்தப் பையன்தான்.

எங்கள் வகுப்புக்கு வாருங்கள். எட்டாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு ஆசிரியர் அறையில் ஒரே பெயர்தான்: மக்கு. அறிக்கையில் எழுதும்போது 'மெல்லக் கற்போர்'. அந்தக் கடைசி பெஞ்சில் இருக்கிற நாலு பேருக்கு நாலு காரணம் இருக்கலாம். ஒருவனுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியாது. ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கிற வயசில் கொரோனா வந்து பள்ளி பூட்டிக் கிடந்தது. ஒருவன் ராத்திரியில் தூங்குவதில்லை. இன்னொருவனுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலேயே சிக்கல், அதாவது டிஸ்லெக்சியா. நாலு பேருக்கும் நாங்கள் கொடுப்பது ஒரே மருந்து: பத்துத் தடவை எழுது, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸுக்கு இரு.

பிரித்துப் பார்ப்பது லேசான வேலையில்லை. எங்கள் பக்கப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதுகிற பிள்ளை காதில் விழுந்ததை எழுதுகிறது, அவ்வளவுதான். 'கடல்' என்பதை இன்றைக்கு 'கலட்' என்றும் நாளைக்கு 'கட்ல' என்றும் எழுதுகிற, ஒரு வரி வாசிப்பதற்குள் வேர்த்துப்போகிற பிள்ளையின் சங்கதி வேறு. இதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு நம் மாநிலப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. சான்றிதழ் இருந்தால் கிடைக்கும். சான்றிதழுக்கு முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டுமே! நகரத்துத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வில்தான் பிள்ளைக்கு வாசிக்க வராது என்பதே ஊருக்குத் தெரிகிறது.

இனி தூங்காத பையன். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகின்றன. படகு போன அன்று ராத்திரி வீட்டில் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே படுப்பார். இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்றால் விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். படகு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும். அப்பாவே மாட்டிக்கொண்டால் அப்புறம் யாழ்ப்பாணம் சிறை, காவல் நீட்டிப்பு, படகுக் கடன், இங்கே வேலைநிறுத்தம். இதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நோட்டு, செருப்பு, பை எல்லாம் வாங்க வேண்டிய ஜூன் மாதம்தான் வீட்டில் சல்லிக்காசு இருக்காது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் நிறைய வீடுகளில் அப்பா சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார். பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ காலில் அவரைப் பார்க்கிறது.

இந்தப் பையன் வீட்டுக்கணக்கு எழுதி வரவில்லை என்றால் என்ன செய்வது? நல்ல உளவியலாளர் முதலில் எங்களைத்தான் உட்கார வைத்துப் பேசுவார். இந்த மாதம் இவனுக்கு வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள், ஆனால் வகுப்பு வேலையை விடாதீர்கள், காலையில் ஒரே ஆசிரியர் இரண்டு நிமிஷம் பேசட்டும், ஆறு பேரும் ஆறு விதமாகத் துக்கம் விசாரிக்க வேண்டாம் என்பார். தூக்கம், சாப்பாடு, பேச்சு எப்படி இருக்கிறது என்று கவனிப்பார். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பதறாமல் நேரடியாகக் கேட்பார், அன்றைக்கே அம்மாவிடம் பேசுவார், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பார். அவனுடைய அப்பாவை அவர் மீட்டுக் கொடுக்கப் போவதில்லை. அப்பா திரும்பி வரும்வரை பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வார்.

ரகசியம் என்று ஒன்று இருக்கிறது. சின்ன ஊர்களில் இது பெரிய சங்கதி. எங்களில் பாதிப் பேர் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வகையில் மாமா, சித்தி. எங்களிடம் சொன்னது சாயங்காலம் மீன் ஏலம் போடுவதற்குள் அம்மா காதுக்கு எட்டிவிடும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சொல்வதில்லை. பிள்ளை சொன்னதைக் காப்பது உளவியலாளருக்குத் தொழில் விதி. பாலியல் தொல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காக்கக் கூடாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். இந்த எல்லையையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மனநோயாளிகளைக் குணமாக வேண்டிக் கொண்டுவந்து தங்க வைக்கிற தர்கா இருக்கிற ஏர்வாடியைப் பேசாமல் இந்தக் கடற்கரையில் மனநலம் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு கீற்றுக் கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் துவா என்கிற பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்கா பக்கத்திலேயே சிகிச்சைக்கும் அரசு ஏற்பாடு செய்தது. நல்ல யோசனை. ஆனாலும் வகுப்பில் ஒருவன் தனியாகச் சிரித்தால் "ஏர்வாடிக்கு பஸ் ஏத்தி விடுங்க சார்" என்பது இன்றைக்கும் பிள்ளைகளின் கிண்டல். "ஒரு தடவை மனநல மருத்துவரிடம் காட்டுவோமா?" என்று ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். அந்த முகத்தில் சங்கிலிதான் தெரியும். அதே தாய் "பள்ளிக்கு வாங்கக்கா, பிள்ளை படிப்பைப் பற்றிப் பேசணும்" என்றால் கடல்பாசி எடுக்கப் போகிற நாளாக இருந்தாலும் வந்துவிடுவார். அதனால்தான் உளவியலாளர் பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறேன். மாவட்ட மருத்துவமனையில் ஒரு அறை இருப்பது போதாது.

"நம்ம காலத்தில் உளவியலா பார்த்தாங்க?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்தப் பதிவுக்குக் கீழேயும் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். நம் காலத்தில் வாசிக்க வராத பையன் ஏழாவதோடு நின்று மாமாவின் வத்தைப் படகில் ஏறிவிட்டான். கடல்தொழில் அவனை ஏற்றுக்கொண்டது. அவனை யாரும் தோற்றவன் என்று சொல்லவில்லை, அவனுக்கு என்ன சிக்கல் என்று பார்க்கவும் இல்லை. இன்றைக்கு எந்தத் தாயும் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பத் தயாராக இல்லை. அந்தப் பையன் இப்போது நம் வகுப்பிலேயே பன்னிரண்டாவது வரை உட்கார்ந்திருக்கிறான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நடமாடும் ஆலோசனை வண்டிகள் வந்தன. சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரு வண்டி என்றால் எங்கள் ஊர் முறை எப்போது வருவது? வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கே ஏகப்பட்ட பள்ளிகள். போனில் பேச 14417 கல்வித்துறையின் எண், 14416 மனநல எண். இரண்டும் இலவசம், இரண்டையும் எங்கள் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்! அவசரத்துக்கு இவை உதவும். கடைசி பெஞ்சுப் பையனின் நோட்டை வாங்கிப் பார்க்க போனால் முடியாது. அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர் சங்கம் 500 மாணவருக்கு ஒருவர் என்று கேட்கிறது. அந்த அளவு அங்கேயே பல இடங்களில் எட்டவில்லை. நான் அவ்வளவு கேட்கவில்லை. ஒன்றியத்துக்கு இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய பள்ளிகள், வாரத்தில் எந்தக் கிழமை எந்தப் பள்ளி என்று நிரந்தர அட்டவணை. இது போதும், தொடங்கலாம்.

இன்னொன்று. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவது நம் மாவட்டத்தை வைத்துத்தான். வெளியூரிலிருந்து போட்டால் ஆறு மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகள் மறுபடி புது முகத்திடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் உளவியல் படித்த, சமூகப்பணி படித்த நம் வீட்டுப் பெண்கள் துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, மேலே ஒரு மருத்துவ உளவியலாளரின் மேற்பார்வை வைத்து, இங்கேயே வேலை கொடுத்தால் நிற்பார்கள். தொகுப்பூதியம் என்று ஏமாற்றக் கூடாது, அது முக்கியம்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டிக்கு அடுத்த வரியில் இதுவும் இருக்கட்டும். மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, திருவாடானை ஒன்றியங்களில் இருக்கிற பெற்றோரும் ஆசிரியர்களும் உங்கள் பள்ளியிலும் வைக்க நினைத்தால் உள்பெட்டியில் கேளுங்கள், தீர்மான வாசகத்தை அனுப்புகிறேன்.