கவசத்துக்குள்ளே யார்?

ஃபேண்டஸி கேமில் கவசம் போட்ட எதிரி வந்து நின்றாலே எனக்கு ஒரு ஆவல் தொற்றிக்கொள்ளும். கவசம் இருந்தால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும், அதைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஆவலைக் கண்டுகொள்ளாத கேம்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இப்போது பலவற்றில் நடப்பது இதுதான். சாதா எதிரி பத்து அடியில் சாய்வான். அவனுக்கே இரும்புச் சட்டையை மாட்டிவிட்டால் நாற்பது அடி வாங்குவான். எவ்வளவு வெட்டினாலும் இரும்பில் ஒரு கீறல்கூட விழாது. எதிரியின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹெல்த் பார் மட்டும் துளித்துளியாகக் குறையும். அப்புறம் கவசத்தோடு சரிந்து மறைந்துபோவான். அந்த இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு விளையாடினாலும் சண்டை இம்மியும் மாறாது.

1998-இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' கேமில் வரும் அயர்ன் நக்கிள் என்ற கவச எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மாசனத்தில் சிலைபோல் உட்கார்ந்திருக்கும். நாம் போய் ஓர் அடி கொடுக்கும் வரை அசையாது. எழுந்ததும் ஆற அமர நடந்து வரும், ஆனால் கோடரி இறங்கினால் அறையின் தூணே நொறுங்கும். அதன் மந்தத்தை நம்பி, சுற்றிச் சுற்றி வந்து அடிக்கப் பழகியிருப்போம். திடீரென்று கவசத் துண்டுகள் கழன்று விழும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அது நம்மை நோக்கி ஓடி வரும்! இவ்வளவு நேரம் அதன் வேகத்தைக் கட்டிப்போட்டதே அந்தக் கனம்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். ஸ்பிரிட் டெம்பிளில் இப்படி ஒன்றை வீழ்த்தியதும் கவசத்துக்குள்ளிருந்து வெளிப்படுவது நபூரு. சிறுவனாக இருந்தபோது அதே கோயிலுக்குள் கதாநாயகன் லிங்க் சந்தித்துப் பேசிய பெண். சூனியக்காரிகள் அவள் மனதை மயக்கி அந்த இரும்புக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அவளைத்தான் நான் இவ்வளவு நேரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

'விண்ட் வேக்கர்' கேமின் டார்க்நட் என்ற கவச வீரனுக்கு முதுகுப் பக்கம் வார்கள் இருக்கும். பின்னால் போய் அறுத்தால் கவசம் கழன்றுவிடும். 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' (2005) கேமின் மூன்றாவது ராட்சதனோ கைக்கவசத்தால் நம்மைத் தன்மேல் ஏற விடமாட்டான். தரையில் பதித்த வட்டத் தகட்டின்மேல் நாம் நின்று, அவன் வாளை அங்கே இறங்க வைக்க வேண்டும். தன் அடியின் அதிர்ச்சியிலேயே அவன் கவசம் உடைந்து போகும். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை, ஏற வேண்டியதுதான்.

எல்லா எதிரிக்கும் இப்படிச் செய்ய முடியுமா, வேலை அதிகமாச்சே என்பார்கள். சரி, எல்லாவற்றுக்கும் வேண்டாம். 'மான்ஸ்டர் ஹண்டர்' கேமில்போல மிருகத்தின் ஓடு கடினமான இடத்தில் கத்தி தெறித்துத் திரும்பினாலே பாதி வேலை முடிந்தது. கையில் இருக்கும் கத்தி மழுங்குவதே எனக்குப் போதுமான பதில்.

2017-இல் வந்த 'ஹாலோ நைட்' சின்னக் குழு செய்த கேம். அதில் ஃபால்ஸ் நைட் என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி, திரையில் பாதியை அடைக்கும் இரும்பு மலை. விடாமல் அடித்தால் மல்லாந்து விழும், தலைக்கவசம் திறக்கும். உள்ளே ஒரு வெளிறிய புழு, அவ்வளவுதான். யாருடைய கவசத்தையோ திருடி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஜெயிக்க வேண்டுமென்றால் அதன் மெத்தென்ற தலையில்தான் அடிக்க வேண்டும். முதல் தடவை என் விரல் பட்டன்மேலேயே நின்றுவிட்டது, அதற்குள் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது.