டைட்லர் எழுதாத எச்சரிக்கை

வரிப்பணத்தை வாக்கின் வழியே தங்களுக்குத் தாங்களே வாரி வழங்கிக்கொள்ளலாம் என்று வாக்காளர்கள் கண்டுகொள்ளும் நாளில் மக்களாட்சி சரியத் தொடங்கும் என்று, எடின்பரோ பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் அலெக்சாண்டர் டைட்லர் 1787-இலேயே எச்சரித்ததாக ஒரு மேற்கோள் அமெரிக்கத் தேர்தல் காலங்களில் பரவுகிறது. இது தவறானது. டைட்லர் (1747–1813) உண்மையில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவருடைய நூல்களில் இவ்வாசகம் இல்லை. அச்சில் இதற்குக் கிடைக்கும் பழைய தடயம், அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், 1951-இல் ஓக்லஹோமா நாளிதழ் ஒன்றில் வெளியானதாகும்.

இதனுடன் இணைத்து அனுப்பப்படும் தேர்தல் கணக்கும் பொய்யே. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா 19 மாநிலங்களையும், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட மெக்கெயின் 29 மாநிலங்களையும் வென்றதாக அது கூறுகிறது. (கூட்டினால் 48, மொத்தமுள்ள 50-இல் மீதி இரண்டு மாநிலங்கள் எங்கே போயின என்று அனுப்பியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.) உண்மையில் ஒபாமா 28 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் வென்றார், மெக்கெயினுக்குக் கிடைத்தவை 22.

இதே கருத்து சில வேளைகளில் பிரெஞ்சு அறிஞர் டோக்வில் பெயரிலும் உலவுகிறது. 1831-இல் அமெரிக்கா சென்று, 1835-இலும் 1840-இலும் இரு பகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் அப்படியொரு வாசகம் கிடையாது. வாக்குரிமை பரவலாகும்போது அரசுச் செலவு கூடும் என்று அவர் கருதியது மெய்தான். ஆயினும், பெரும்பாலோர் சொத்துடையவர்களாக இருக்கும் நாட்டில் அந்த அச்சம் குறையும் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.