அந்த லோகோ மோகோ படத்தைப் பற்றி

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். லோகோ மோகோ என்பது சோற்றின் மேல் மாட்டிறைச்சியும் முட்டையும் வைத்துக் கிரேவி ஊற்றும் ஹவாய்ச் சாப்பாடு. அதை அம்மாவுக்காகக் கோழிக்கறியில் செய்து, அந்தத் தட்டின் படத்தை நான் இங்கே போட்டதும், அதற்குக் கீழே "இது லோகோ மோகோவே இல்லை, ஹவாய் மக்களை அவமதிக்காதீர்கள்" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனதும் நீங்கள் பார்த்ததுதான். இன்பாக்ஸில் வந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

லோகோ மோகோ மாற்றிச் செய்யலாம். அது பிறந்ததே அப்படித்தான். 1949 வாக்கில் நான் வசிக்கும் இதே ஹவாய் ஊரான ஹிலோவில், லிங்கன் கிரில் என்ற உணவகத்தில், கையில் காசு குறைவாக இருந்த பையன்கள் சிலர் சாண்ட்விச் வேண்டாம், சீக்கிரம் வயிறு நிறைய ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். கடையை நடத்திய இனோயே தம்பதி கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே ஹாம்பர்கர் இறைச்சியை வைத்து, பழுப்பு கிரேவியை ஊற்றிக் கொடுத்தார்கள். முட்டைகூட அப்புறம் வந்து சேர்ந்ததுதான். அந்தப் பையன்களில் ஒருவனின் பட்டப்பெயர் லோகோ. மோகோ ஓசைக்காக ஒட்டிக்கொண்டது. இருந்ததை வைத்துப் பசியாற்றிய சாப்பாடு. இதில் எதைத் தொட்டால் தீட்டு?

அம்மா இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். நாங்கள் வெளியே போய்ப் பிளேட் லஞ்ச் (சோறு, இறைச்சி, மக்ரோனி சாலட் எல்லாம் ஒரே தட்டில் வரும் இங்கத்திய சாப்பாடு) வாங்கும்போதெல்லாம், "நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கலை" என்று ஓரமாக இருக்கும் மக்ரோனி சாலட்டை மட்டும் எடுத்துக்கொள்வார். இது எனக்கு எவ்வளவு உறுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. போன வாரம் மழை விடாமல் பெய்த ஒருநாள், கோழிக் கொத்துக்கறியில் சின்ன வெங்காயம், இஞ்சி, பொடியாக அரிந்த கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டி இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் சிவக்க வைத்தேன். அதே கொழுப்பில் மைதாவை வறுத்து, கோழிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, ஒரு கரண்டி ஷோயு (சோயா சாஸ்), கைநிறைய இடித்த மிளகு. சோறு இங்கே எல்லோரும் வைக்கும் அதே ஒட்டுகிற கால்ரோஸ் அரிசிதான். மேலே ஒரு ஹாஃப் பாயில். மஞ்சள் கரு உடைந்து கிரேவியோடு சோற்றில் இறங்கியதும் அம்மா தலை நிமிரவில்லை. அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

"சரி, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். ஏன் வைக்க வேண்டும்? இதே ஊரில் கஃபே 100 என்ற உணவகத்தில் 30-க்கும் மேற்பட்ட வகை லோகோ மோகோ இருக்கிறது. மீனில் உண்டு, ஸ்பாம் என்ற டின் பன்றி இறைச்சியில் உண்டு, கோழியிலும் உண்டு. 1946 சுனாமியிலும் 1960 சுனாமியிலும் அழிந்து மறுபடி எழுந்து வந்த கடை அது. அவர்களிடம் போய்ப் பெயரை மாற்றச் சொல்வீர்களா?

பூர்வகுடி மக்களின் மண்ணில் வந்து அவர்கள் உணவில் கை வைக்கிறேன் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் லேசாகத் தள்ளவில்லை. சேம்பை அவித்து இடித்துச் செய்யும் 'போய்' அவர்களுக்கு வெறும் உணவு இல்லை. அவர்களின் புராணக் கதைப்படி சேம்புதான் மனிதர்களின் மூத்த அண்ணன், பெயர் ஹாலோவா. அதில் நான் தாளிப்புக் கொட்ட மாட்டேன். ஆனால் லோகோ மோகோ அந்த வரிசையில் வருவதில்லை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'போய்' கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை போடக் கூடாது என்பதும் இவர்கள் வழக்கம். மரியாதை பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர்கள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் என்னை அப்படி ஏசினார்கள்.

எனக்கு இந்தக் கிரேவியைக் கட்டி தட்டாமல் கிளறச் சொல்லிக் கொடுத்தவரே பக்கத்து வீட்டு ஆன்ட்டி. இங்கேயும் பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். ஹிலோவிலேயே பிறந்து வளர்ந்தவர். அன்றைக்கு அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். கறிவேப்பிலை ஒன்றை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். மறுநாள் கழுவிய தட்டில் தன் மரத்து எலுமிச்சை நாலு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவும் அவரும் பொதுமொழி இல்லாமலே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சண்டை பெரிதானதும் பயந்து படத்தை எடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி அம்மா, "நான் சாப்பிடாததாலதானே உனக்கு இத்தனை பேச்சு?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஓரத்தில் கரண்டியோடு தெரிவது அம்மாவின் கை.