புல்லட் பட்டன் மாட்டினால் போதுமா?

"கலிபோர்னியாவில் ஏஆர்-15 வகை ரைஃபிளில் புல்லட் பட்டன் மாட்டி, 10 ரவுண்டு மேகசின் (10 தோட்டா கொள்ளும் பெட்டி) போட்டுவிட்டால் சட்டச் சிக்கல் இல்லை" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு. 2016 கடைசி வரை அந்தத் தகவல் பெருமளவு சரியாகத்தான் இருந்தது. பழைய வீடியோக்களைப் பார்ப்பவர்கள் இன்னும் நம்புவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

புல்லட் பட்டன் என்பது, மேகசினை வெறும் விரலால் கழற்ற விடாத ஒரு பூட்டு. தோட்டா முனை மாதிரி ஏதாவது ஒன்றால் குத்தினால் திறந்துகொள்ளும். 2017 ஜனவரி 1 முதல் இது நிலையான மேகசின் என்ற கணக்கில் வராது. துப்பாக்கியின் இயங்கு பகுதியை (தோட்டாவை ஏற்றிச் சுடும் அமைப்பை) பிரித்தால்தான் மேகசின் வெளியே வர வேண்டும் என்கிறது சட்டம். அப்படி இல்லாத செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு விசை இழுப்புக்கும் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றும்) சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் அடித்து வெடிக்கவைக்கும்) ரைஃபிளில் துருத்திக்கொண்டிருக்கும் பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி போன்ற கைப்பிடி), மடிக்கிற அல்லது நீட்டிக் குறைக்கிற ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை), ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது வரும் ஒளியைக் குறைக்கும் குழல்முனைப் பாகம்) போன்றவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது 'அசால்ட் வெப்பன்' (கலிபோர்னியச் சட்டம் தடைசெய்யும் வகை) ஆகிவிடும். இந்தப் பாகங்கள் கடையில் கிடைக்கின்றனவே என்று கேட்பார்கள். கிடைக்கட்டும், எந்த ரைஃபிளில் பொருத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

அப்புறம், மேகசினை முறைப்படி நிலையாக்கினாலும் அது 10 ரவுண்டுக்கு மேல் கொள்ளக்கூடாது. ரைஃபிளின் மொத்த நீளமும் 30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.