கொக்குக்கு முழுப்பேர்

(கூடலூரை அடுத்த புத்தூர்வயல். ஐப்பசி மாதம், மழை விட்ட காலை. நெல் பால் பிடித்திருக்கிறது. பரண்மேல் கங்காணி. இலங்கையின் கண்டியில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆள் எண்ணியவர். ஓய்வுக்குப் பின் முதன்முறையாக ஒரு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மடியில் நீள நோட்டு. வரப்பில் பக்கத்து வயல்காரி ராசாத்தி.)

ராசாத்தி: அண்ணே, பரணில் ஏறியது கிளி விரட்டவா, கடிதம் எழுதவா?

கங்காணி: செக்ரோல் எழுதுகிறேன், தோட்டத்து வருகைப் பதிவேடு மாதிரி. ஆடியிலிருந்து இந்த வயலில் எந்தப் பறவை வேலை செய்தது, எது திருடியது, எல்லாம் இதில் இருக்கிறது. வேலை செய்தால் பேர், அதாவது அன்றைய கூலி. திருடினால் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு நிறுத்திவிடுவேன்.

ராசாத்தி: யானை வந்தால்?

கங்காணி: யானைக்கு நோட்டைக் காட்டினால் நோட்டையும் தின்றுவிடும். நீ கேள். "மஞ்சள் தலைக் கொக்கு, பன்னிரண்டு. ஆடி உழவில் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து புழு பொறுக்கின. முழுப்பேர். புரட்டாசியில் சொல்லாமல் நின்றுவிட்டன. பதிலுக்கு வெள்ளைக் கொக்கு பன்னிரண்டு புதிதாகச் சேர்ந்தன."

ராசாத்தி: இரண்டும் ஒன்றுதான், அண்ணே. உண்ணிக்கொக்கு. கூடு கட்டும் காலத்தில் தலையிலும் நெஞ்சிலும் மஞ்சள் பூசிக்கொள்ளும். அது முடிந்தால் வெளுத்துவிடும்.

கங்காணி: ஒரே ஆளுக்கு இரண்டு பேரா! தோட்டத்தில் இப்படி எழுதியிருந்தால் துரை என் சீட்டைக் கிழித்திருப்பார். (நோட்டில் ஒரு வரியை அடிக்கிறார்) சரி, அடுத்தது. "மண் நிறத்தான் ஒருவன். மடையோரம் அசையாமல் நிற்கிறான். வேலை செய்வதாகத் தெரியவில்லை. அரைப்பேர். வெள்ளை இறக்கையான் ஒருவன். வந்ததை யாரும் பார்த்ததில்லை, போகும்போது மட்டும் தெரிகிறான்."

ராசாத்தி: அது மடையான். நின்றால் மண் நிறம், பறந்தால் வெள்ளை. அதுவும் ஒரே ஆள்தான்.

கங்காணி: இந்த வயலில் ஒருவனாவது ஒரே நிறத்தில் இருக்கிறானா?

ராசாத்தி: கரிச்சான் இருக்கிறதே.

கங்காணி: அவனல்லவா தொழிலாளி! விடியுமுன் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்துவிடுகிறான். இருட்டிய பிறகும் குச்சியை விட்டு இறங்குவதில்லை. அந்துப்பூச்சி எழும்பினால் ஒரே பாய்ச்சல். காற்றிலேயே கவ்வி, அதே குச்சிக்குத் திரும்பி, காலால் மிதித்துச் சிறகைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் விழுங்குகிறான். முழுப்பேர், ஓவர்டைம் தனி.

ராசாத்தி: வாலாட்டிக்கு?

கங்காணி: புரட்டாசியில் வந்தவன்தானே? வாலை ஆட்டுவதைத் தவிர வேறு வேலையே தெரியவில்லை.

ராசாத்தி: பாவம், இமயமலைப் பக்கத்திலிருந்து பறந்து வந்திருக்கிறது. வாலை ஆட்டிக்கொண்டே பூச்சி பிடிக்கும். வெயில் காலம் வந்தால் திரும்பிவிடும்.

கங்காணி: அவ்வளவு தூரமா? எங்களுக்காவது கப்பல் டிக்கெட் கொடுத்தார்கள். (எழுதுகிறார்) முழுப்பேர்.

ராசாத்தி: ஆட்காட்டிக்கு என்ன எழுதினீர்கள்?

கங்காணி: இராக்காவல். ஆனால் ஒரு குறை. திருடன் வந்தால் கத்த வேண்டும். அது நான் பரணிலிருந்து இறங்கினாலும் கத்துகிறது.

ராசாத்தி: அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரி, திருட்டுப் பக்கத்தைப் படியுங்கள்.

கங்காணி: (குரல் உயர்கிறது) முதல் குற்றவாளி சில்லை! கட்டைவிரல் அளவு உடம்பு. தாளில் தொற்றிக்கொண்டு பால்மணியை நசுக்கி நசுக்கி உறிஞ்சுகிறது. நேற்று ஒன்றைப் பக்கத்தில் பார்த்தேன், அலகின் ஓரத்தில் வெள்ளையாகப் பால். தாய்ப்பால் குடித்த பிள்ளைபோல என்னைப் பார்க்கிறது! கிளி அதைவிட மோசம். கதிரையே கத்தரித்து, நாலு மணி தின்று, மீதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கதிருக்குப் போகிறது. மூன்றாவது தூக்கணாங்குருவி. ஆவணியில் இலையை நார் நாராகக் கிழித்துக் கூடு கட்டியது. இப்போது நெல்லுக்கும் வருகிறது.

ராசாத்தி: அந்தக் கூட்டில் இருந்த குஞ்சுக்கு எதை ஊட்டியது தெரியுமா? பெரும்பாலும் உங்கள் வயல் புழுவும் வெட்டுக்கிளியும்தான். அதற்கு ஆவணிக் கூலி பாக்கி இருக்கிறது.

கங்காணி: பாக்கியா? (வேறு பக்கம் புரட்டுகிறார்) அப்படியென்றால் மயிலுக்கும் ஏதாவது சொல்வாய்.

ராசாத்தி: மயிலைத் தொடாதீர்கள். 1963-இல் தேசியப் பறவை ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது.

கங்காணி: பழைய கேசட் நாடாவை வயல் குறுக்கே கட்டிப் பார்த்தேன். காற்றில் ஊம் ஊம் என்று முனகியது. மூன்று நாள் பயந்தார்கள். நாலாம் நாள் வழக்கம்போல வந்துவிட்டார்கள்.

ராசாத்தி: வராமல் என்ன செய்யும்? உட்கார வசதியாகப் பத்துத் தாங்கிக் குச்சி நட்டு வைத்திருக்கிறீர்களே. அதோ பாருங்கள்.

(குச்சிக்கு ஐந்தாறாகச் சில்லைகள், ஒன்றில் இரண்டு கிளிகள். வரிசை ஒழுங்காக இருக்கிறது.)

கங்காணி: பூச்சி பிடிக்கும் பறவை உட்காரப் பறவைத் தாங்கி வையுங்கள் என்று வேளாண்மைக் கூட்டத்தில் சொன்னார்களே!

ராசாத்தி: பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லவில்லையா?

கங்காணி: சொல்லியிருக்கலாம். அந்த நேரம் டீ வந்துவிட்டது.

(இறங்குகிறார். ஆட்காட்டி கத்துகிறது. சேற்றில் இறங்கி ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்குகிறார். பத்தாவது குச்சியில் கரிச்சான். நகரவில்லை.)

ராசாத்தி: அதையும் பிடுங்குங்கள், அண்ணே.

கங்காணி: (சிறிது நேரம் பார்க்கிறார்) வேண்டாம். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது, தோட்டத்திலிருந்து எனக்குச் சேர வேண்டிய பணம் இன்னும் வரவில்லை. இவனுக்காவது நிற்க ஒரு குச்சி இருக்கட்டும்.

ராசாத்தி: சரி. நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.