ஒரே அமர்வு ஹிப்னாடிசத்தில் அடங்காத தீனி நின்றுவிடுமா?

"ஒரு தடவை ஹிப்னாடிசம் செய்துகொண்டால் போதும், ஆழ்மனம் மாறிவிடும், அப்புறம் அளவு மீறிச் சாப்பிடவே தோன்றாது" என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. இது உண்மை இல்லை.

கட்டுப்பாடு இழந்து, வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டுவிட்டு வெட்கப்படுவது வாரம் ஒருமுறையாவது என 3 மாதம் தொடர்ந்தால் அது அடங்காத தீனி (binge eating disorder) என்ற உண்ணல் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனி நோயாகவே பட்டியலிட்டது. ஆழ்மனதில் ஒரு பொத்தானை அழுத்தி அணைக்கிற விஷயம் இல்லை இது.

சுழற்சி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நிறையச் சாப்பிட்டாயிற்று, குற்ற உணர்ச்சி. அதற்குத் தண்டனையாக மறுநாள் காலைச் சாப்பாடு கிடையாது. மாலைக்குள் கடும் பசி, எரிச்சல், மறுபடியும் அதே தீனி. பலருக்கு இதைக் கிளப்பிவிடுவதே அந்தப் பட்டினிதான். அதனால்தான் சிகிச்சையில் முதலில் கேட்பது, வேளை தவறாமல் சாப்பிடுங்கள் என்பது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் அடிப்படை.

நல்ல ஆதாரம் உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (CBT), அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சைக்கு. அதற்குப் பல வாரங்கள் ஆகும். ஹிப்னாடிசம் சிலருக்குப் பதற்றத்தைத் தணிக்கலாம், துணையாக வைத்துக்கொள்ளலாம், சரி. தனியாக அதுவே குணமாக்கும் என்பதற்கு வலுவான ஆய்வுகள் இல்லை. 'நிரந்தர உத்தரவாதம்' தருபவரிடம் பணம் கட்டுவதற்கு முன், அவர் பயிற்சி பெற்ற மனநல நிபுணர்தானா என்று கேளுங்கள்.