பள்ளிக்கூடத்துப் புத்தகம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகணும்ங்க

அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்கு ரெண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரலைங்கிற பேச்சு வருசம் தவறாமல் வருது. கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளோட வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற 2024 அசர் ஆய்வில், நாடு முழுக்கக் கிராமப்புற அரசுப் பள்ளிகளின் அஞ்சாம் வகுப்பில் அப்படி வாசிக்க முடிஞ்சவங்க 44.8 சதவீதம். 2022-ல் அது 38.5. கொரோனாவில் விழுந்தது ஏறியிருக்குது, சந்தோசம். ஆனாலும் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு இன்னும் வரலை. உடனே வாத்தியாரைக் குத்தம் சொல்றோம், இல்லைன்னா செல்போனை. பள்ளியில் இருக்கிற கதைப் புத்தகமெல்லாம் எங்கே இருக்குதுன்னு யாரும் கேட்கறதில்லைங்க.

நான் பார்த்த வரைக்கும், நிறைய இடத்தில் தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள்ள.

கிழிஞ்சா, காணாமல் போனா, ஆடிட்டில் யார் பதில் சொல்றதுன்னு ஒரு பயம். அந்தப் பயத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஈராசிரியர் பள்ளியில் அஞ்சு வகுப்பையும் ரெண்டே பேர் பார்க்கணும், எமிஸ்ங்கிற அரசு இணையதளத்தில் பிள்ளைகள் விவரத்தைப் பதிவும் போடணும். அவங்க தலையில் இன்னொரு பாரத்தை ஏத்தறது நியாயமே இல்லை. அதனாலதான் இது ஊர் எடுத்துக்க வேண்டிய பொறுப்புன்னு சொல்றேன்.

எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையோட கவனம் பூராவும் எழுத்துலயே செலவாகிப் போகுது. வரியோட கடைசிக்கு வர்றதுக்குள்ள முதல் சொல் மறந்திருக்கும். அப்புறம் கதை எப்படிப் புரியும், ஆசை எப்படி வரும்? சரளம் வந்தாத்தான் பொருள் பிடிபடும். சரளம் வர, எளிய வரிகளை நிறைய, திரும்பத் திரும்ப வாசிக்கணும். பாடப்புத்தகம் மட்டும் அதுக்குப் பத்தாது. இதைத் தெரிஞ்சுதான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாப் பிரிச்சுப் போட்டாங்க. மெல்லிசான, படம் போட்ட புத்தகங்கள். ஏழு வயசுப் பிள்ளை ஒரே மூச்சில் முடிச்சிட்டு, “இன்னொண்ணு குடுங்க டீச்சர்”னு கேட்கலாம். அப்படிக் கேட்க வெச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுதுங்க.

சோமனூர், பல்லடம் பக்கம் ராத்திரியும் தறி ஓடுற வீடுகளில், பக்கத்தில் உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுன்னு அம்மாவிடம் சொல்ல முடியுமா? ஷிப்டு முடிச்சு வர்றவங்களுக்குத் தூங்கவே நேரம் பத்தாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் நம்ம பிள்ளைகளோட உக்காந்து தமிழ் படிக்கறாங்க. அவங்க வீட்டில் தமிழ்ப் பேச்சே இல்லை. அந்த வீட்டுக்குள்ள போற முதல் தமிழ்க் கதை, பள்ளிக்கூடம் குடுத்தனுப்புற புத்தகமாத்தான் இருக்கும். நம்ம வீடுகளிலும் படிக்கத் தெரியாத அமுச்சிக்குப் பேத்தி வாசிச்சுக் காட்டட்டுமே. கேட்க ஆள் இருந்தா பிள்ளை சலிக்காமல் வாசிக்கும்.

வகுப்பில் தினமும் டீச்சர் ஒரு கதையைச் சத்தமா வாசிக்கணும். கேள்வி வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். படிக்கத் திணறுற பிள்ளைக்கும் கதையோட ருசி அங்கதான் தெரியும்.

இதெல்லாம் நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லைங்க. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தப்பக் கல்வி அமைச்சரா இருந்தவர் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார். இன்னைக்கும் நம்ம வீட்டு வரியோட நூலக வரி கட்டறமே, அது அந்தச் சட்டத்தில் வந்தது. குழந்தைகளுக்குன்னே பத்துத் தொகுதியில் தமிழில் கலைக்களஞ்சியம் வந்துச்சு. அதோட முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அப்பேர்ப்பட்டவங்க பிறந்த ஊரில், 2006-க்கு அப்புறம் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டின ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடக்கறதைப் பார்த்தா மனசு பொறுக்கலை.

நான் கேட்கிறது பெருசில்லை. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும், திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கட்டும். யார் எந்தப் புத்தகம் எடுத்தாங்கங்கிற நோட்டை அஞ்சாவது பிள்ளைகளே எழுதுவாங்க. கிழிஞ்சதுக்கும் தொலைஞ்சதுக்கும் பெத்தவங்க இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு பொறுப்புன்னு தீர்மானம் போட்டுட்டா ஆசிரியர்களுக்குப் பயம் இருக்காது. மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுற ஊரால புதுப் புத்தகம் வாங்கித் தர முடியாதா? வர்ற கூட்டத்தில் இதை நான் கேட்கப் போறேன். உங்க ஊரில் ஏற்கெனவே புத்தகம் வீட்டுக்குப் போகுதுன்னா, கணக்கு எப்படி வெக்கறாங்க, தொலைஞ்சா என்ன பண்றாங்கன்னு எழுதுங்க. கூட்டத்தில் எடுத்துச் சொல்றேன்.